வழியில் விசேஷம் எதுவுமில்லை

தமிழ் சினிமாவில் விமானப்படைக்காரன் என்றால் அவன் போர் விமானம் ஓட்டுகிறவன். 2017-இல் மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ வந்தபோது, ஓய்வு பெற்று தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று பக்கம் பக்கமாக வீடு கட்டிக்கொண்டிருக்கும் நாங்கள் சிலர் குடும்பத்தோடு போனோம். கதாநாயகன் விமானப்படை பைலட், காலம் கார்கில் யுத்தம் என்று கேள்விப்பட்டதில் எல்லோருக்கும் ஒரு மிதப்பு. படம் முடிந்து வெளியே வரும்போது நண்பரின் மனைவி கேட்டார்: “ஏங்க, இதுல உங்க ப்ளேன் எதுங்க?” நண்பர் அசரவில்லை. “ஹீரோ காலையில சாப்பிட்டிருப்பாருல்ல முட்டை, அது நம்ம ப்ளேன்லதான் போயிருக்கும். அதையெல்லாம் காட்டிக்கிட்டிருந்தா பாட்டை எங்க வைக்கிறது?”

முட்டை கொண்டுபோனவர்கள். எங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால் இதுதான். முட்டை மட்டுமல்ல, ஆட்டா மாவு, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தபால் மூட்டை, தார்ப்பாய், மருந்து, உயிருள்ள ஆடு, லீவு முடிந்து திரும்பும் சிப்பாய். சண்டிகரில் இருந்த போக்குவரத்து விமான ஸ்குவாட்ரன் ஒன்று. எண்ணைச் சொல்லமாட்டேன், சொன்னால் அந்த எண்ணில் இருந்தவர்கள் எல்லோரும் இதில் தங்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்பார்கள்.

நான் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். திருநெல்வேலிப் பக்கத்து கிராமத்திலிருந்து தாம்பரம் வந்து தேர்வு எழுதி, பெல்காமில் லெஃப்ட் ரைட் பழகி, மறுபடி தாம்பரத்தில் மெக்கானிக்கல் டிரெய்னிங் இன்ஸ்டிட்யூட்டில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். இன்ஜின் ஃபிட்டர். ஊரில் அம்மா இதைத் தன் போக்கில் மொழிபெயர்த்துக்கொண்டாள். “எம்புள்ள ஏரோப்ளேன் ஓட்டுதான்” என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். முதல் லீவில் வந்தபோது பக்கத்து வீட்டுச் சித்தப்பா, எங்கள் வயலுக்கு மேலே போகும்போது கொஞ்சம் தாழ்த்தி ஓட்டச் சொன்னார். சரி என்றேன். அன்றைக்கு என் கையில் இருந்த அதிகாரம், இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டாமல் தகரத் தட்டு வைப்பது.

விமானம் அன்டோனோவ்-32. கீவ் நகரத்து வடிவமைப்பு. சோவியத் யூனியனிலிருந்து 1984-இல் வரத் தொடங்கியது. வெயிலும் உயரமும் சேர்ந்த நம் நாட்டு நிலைமைக்காகவே, பழைய உடம்பில் பெரிய இன்ஜினைப் பூட்டி வாங்கியது. ஒவ்வொரு இன்ஜினும் ஐயாயிரம் குதிரைத் திறனுக்கு மேல். கரடுமுரடான ஓடுபாதையில் கல்லடி படக்கூடாதென்று இன்ஜின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார்கள். ப்ரொப்பெல்லர் பிழைத்தது, ஃபிட்டர் மாட்டிக்கொண்டான். சண்டிகர் ஜனவரியில், விடியற்காலை மூன்றரை மணிக்கு, பனியில் ஊறிய ஏணியில் ஏறி இறக்கையின் முதுகில் மண்டியிட்டுத் திருப்புளி பிடித்தவனுக்குத்தான் அந்த வடிவமைப்பின் மேன்மை முழுதாக விளங்கும். காக்பிட்டில் எழுத்தெல்லாம் ரஷ்யன், மேலே நின்று திட்டும் வாரண்ட் ஆஃபீசர் பஞ்சாபி, எழுதி வைக்க வேண்டியது இங்கிலீஷ், விரல் நசுங்கும்போது மட்டும் தமிழ்.

கிளம்பும் நேரத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. லே விமானத் தளம் 10,600 அடிக்கு மேலே, மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. முற்பகல் தாண்டினால் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடும். அதனால் இருட்டில் எழுந்து, விடியும்போது பறந்து, ஊர் உலகம் காலை டிபன் முடிக்குமுன் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அந்தக் குளிரிலும் உயரத்திலும் நிறுத்திய இன்ஜின் மறுபடி கிளம்புமா என்பது வானிலையையும் வாரண்ட் ஆஃபீசரின் பூஜையையும் பொறுத்தது. ஆகவே பல நாட்கள் நிறுத்தாமலே இறக்குவோம். உள்ளே உட்கார்ந்திருப்பது நெல் அரைக்கும் மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி. இன்றைக்கு எங்கள் கூட்டத்தில் எல்லோரும் சத்தமாகப் பேசுவதற்குக் காரணம் உற்சாகம் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாதிப் பேருக்குக் காது கேட்காது.

சுமக்கும் எடை 6.7 டன். அதை எங்கே வைப்பது என்பதுதான் வித்தை. மூட்டைகளை முன்னும் பின்னும் கணக்குப் பார்த்து அடுக்கி, வலை போட்டுக் கட்டி, எடை நடுவில் நிற்கிறதா என்று தாளில் போட்டுப் பார்ப்பார்கள். மாவு மூட்டை ஒழுக்கமானது. வைத்த இடத்தில் இருக்கும். மண்ணெண்ணெய் டின்னும் அப்படித்தான். ஆடு அப்படியில்லை.

மேலே இருக்கும் ராணுவச் சமையலறைகளுக்கு ஆடுகள் உயிரோடு போகும். அப்படி ஒரு நாள் கட்டு அவிழ்ந்து மூன்று ஆடுகள் கிளம்பிவிட்டன. விமானம் மலைக்கு மேலே. ஆடுகள் காக்பிட்டை நோக்கி. வாரண்ட் ஆஃபீசர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். நானும் இன்னொரு பையனும் ஆளுக்கொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லே வரைக்கும் போனோம். இறங்கியதும் ராணுவத்துக்காரர் ஒருவர் தலையை எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இறங்க இடமில்லாத இடங்களுக்கு மேலிருந்தே போடுவோம். சியாச்சின் பக்கத்துக் காவல் நிலைகளுக்கு அப்படித்தான். பின்பக்கத்துச் சாய்கதவு விமானத்தின் வயிற்றுக்கடியில் வழுக்கி உள்ளே போய்விடும். திறந்த வாய் வழியாகப் பனிமலை தெரியும். ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, பச்சை விளக்கு எரிந்ததும் தள்ளுவார்கள். அதைத் தள்ளுவது ராணுவத்தின் சப்ளைப் பிரிவைச் சேர்ந்த ஆட்கள். சில வினாடிகள் பிந்தினால் ஒரு காவல் நிலையின் மண்ணெண்ணெய் பனிப்பிளவுக்குள் போய்விடும். அங்கே மண்ணெண்ணெய் என்றால் அடுப்பு மட்டுமல்ல; குடிக்கும் தண்ணீரும் அதுதான், பனியை உருக்கித்தானே ஆகவேண்டும்.

திரும்பும்போது ஏறுகிற சரக்குதான் பேசும் சரக்கு. லீவு கிடைத்த சிப்பாய்கள். நூப்ரா பள்ளத்தாக்கில் இருக்கும் தோய்ஸ் தளத்தில் விமானத்துக்காக நாள்கணக்கில் காத்திருப்பார்கள். ஒரு முறை தர்மபுரிப் பையன் ஒருவன், என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு ஓடி வந்தான். “அண்ணே, தமிழாண்ணே? எனக்குக் கல்யாணம்ணே. தேதி வெச்சிட்டாங்க. நாளைக்கு ப்ளேன் வந்துருமாண்ணே?” வரும் என்றேன். வானிலை அறிக்கையை நான் எழுதியது மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் எங்கள் விமானம் போகவில்லை, மேகம். அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு ஒரு காலையில் அவனை ஏற்றிக்கொண்டு சண்டிகரில் இறக்கினோம். கதவு திறந்ததும் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான் பாருங்கள், திரும்பியே பார்க்கவில்லை. எனக்கு வருத்தமில்லை. வந்து சேர்ந்தவன் வாகனத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்கிறான் என்றால் எதையோ விட்டுவிட்டான் என்று அர்த்தம்.

ஓடாமல் வந்தவர்களும் உண்டு. காயம்பட்டவர்கள், குளிரில் விரல் கறுத்தவர்கள், பெட்டியில் வந்தவர்கள். பெட்டி ஏறும் நாளில் வாரண்ட் ஆஃபீசர் யாரையும் திட்டமாட்டார். காலையில் ஆடு நின்ற தரை. கழுவிவிட்டு அதே தரைதான்.

இனி இப்போதைய கதை. ஆண்டுக்கொரு முறை தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கூடுகிறோம். வெளியூரிலிருந்து பழைய ஆஃபீசர்கள்கூட வருகிறார்கள். அன்று எங்களிடம் ‘ஏய் மதராசி’ என்று பேச்சைத் தொடங்கியவர்கள், இன்று மகனுக்கு சென்னையில் ஐ.டி. வேலை என்பதால் சாம்பாரைப் பற்றிக் கருத்துச் சொல்கிறார்கள். பேச்சு முழுக்க ஒரே பொருள்தான்: எங்கள் காலம்தான் கஷ்டகாலம், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சொகுசு.

இதில் ஏணிப்படி வரிசை உண்டு. உச்சியில் டகோட்டா. 1948 மே 24-ஆம் தேதி ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு லேயில் டகோட்டாவை இறக்கினார். அந்த மண் ஓடுபாதையை அமைத்துக்கொடுத்தவர் லடாக்கி இன்ஜினியர் சோனம் நோர்பு. காற்றழுத்தம் காக்கும் வசதி இல்லாத விமானம், கையில் ஒழுங்கான வரைபடமும் இல்லை. டகோட்டாக்காரர் இன்று கூட்டத்தில் யாருமில்லை; ஆனால் அவர் பெயரைச் சொல்லி அடுத்த படிக்காரரை அடக்குவார்கள். அடுத்த படி, பாக்கெட். அமெரிக்க விமானம், உயரத்தில் மூச்சு வாங்குகிறதென்று நம் ஆட்கள் அதன் முதுகில் ஒரு ஜெட் இன்ஜினையும் ஏற்றிவைத்தார்கள். 1962 ஜூலையில் ஸ்குவாட்ரன் லீடர் ராஜே, 16,600 அடி உயரத்து தௌலத் பேக் ஓல்டியில் அதைக் கொண்டுபோய் இறக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அன்டோனோவ்-12 விமானங்கள் டாங்கிகளையே லடாக்கின் சுஷூலுக்குத் தூக்கிக்கொண்டு போயின. ஆக, அன்-12 காரர் எங்களைப் பார்த்து, “உங்களுக்கென்னப்பா, ரெண்டே இன்ஜின், ஈஸியான வேலை” என்பார். ரெண்டு இன்ஜினில் ஒன்று நின்றால் மீதி எத்தனை என்று நான் கேட்பதில்லை; மூத்தவர்.

தௌலத் பேக் ஓல்டி நாற்பது வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது. 2008 மே 31 அன்று அன்-32 ஒன்று போய் இறங்கியது. சாதனை என்று செய்தி. 2013 ஆகஸ்டில் சி-130ஜே இறங்கியது. அதுவும் சாதனை. ஒரே இடத்தில் மூன்று தலைமுறை மூன்று சாதனை செய்திருக்கிறது. நடுவில் மலை ஓர் அடிகூட வளரவில்லை.

எங்களுக்குக் கீழ்ப்படியில் இன்றைய பிள்ளைகள். சி-17 எழுபது டன் தூக்கும்; ஓட்ட இரண்டு பைலட், ஒரு லோட்மாஸ்டர், மூன்றே பேர். எங்கள் 6.7 டன்னுக்கு ஐந்து பேர் உள்ளே, அரை டஜன் பேர் வெளியே ஏணியோடு. நேவிகேட்டரும் ஃப்ளைட் இன்ஜினியரும் இப்போது ஒரு திரைக்குள் அடங்கிவிட்டார்கள். பழைய அவ்ரோ விமானங்களுக்குப் பதிலாக ஸ்பெயினில் பிறந்த சி-295 வருகிறது. 56-இல் 40 வதோதராவில் டாடா கட்டுவது. 2020-இல் சீன எல்லையில் நெருக்கடி வந்தபோது டாங்கிகள் மறுபடி விமானத்தில் லடாக் போயின. “அதெல்லாம் பட்டன் அமுக்குற வேலை” என்று தீர்ப்புச் சொன்னோம். தீர்ப்புச் சொன்ன எல்லோருக்கும் டி.வி. ரிமோட்டில் சேனல் மாற்றப் பேரன் துணை வேண்டும்.

கூட்டத்தில் பேசாத கதையும் ஒன்று இருக்கிறது. 1987 ஜூன் 3 அன்று இராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து அன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் இருபத்தைந்து டன் அளவுக்கு உணவும் மருந்தும் போட்டன. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயரே ‘பூமாலை’. எங்களில் தமிழ்ப் பையன்களுக்கெல்லாம் அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வாழ்நாளில் முதல் முறையாக ஊரில் எங்கள் விமானத்தின் பெயர் தெரிந்தது. அம்மா ரேடியோவில் கேட்டுவிட்டு, அரிசி போட்டது நான்தான் என்று தெருவுக்குச் சொல்லிவிட்டாள்.

ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அடுத்த நாளே அன்-32கள் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கத் தொடங்கின. இந்த முறை சரக்கு, துப்பாக்கியோடு சிப்பாய்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. அதன் பிறகு பலாலியிலிருந்து திரும்பி வந்த சரக்கு என்ன என்று நான் எழுதவேண்டியதில்லை. ஐந்து மாதத்துக்குள் ஒரே விமானம் அரிசி, சிப்பாய், ஸ்ட்ரெச்சர் மூன்றையும் சுமந்தது. விமானத்துக்குத் தெரிந்தது எடை மட்டுமே. அந்தப் பேச்சு தொடங்கும்போதெல்லாம் எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவருக்குக் காபி வேண்டியிருக்கும்.

பத்திரிகையில் எங்கள் பெயர் வரவேண்டுமென்றால் பூமாலைகூடத் தேவையில்லை. இன்னொரு சுலப வழி இருக்கிறது. காணாமல் போகவேண்டும். 1968 பிப்ரவரி 7-இல் சண்டிகரிலிருந்து லேக்குப் புறப்பட்ட அன்-12, மோசமான வானிலையால் திரும்பும் வழியில் 102 பேரோடு மறைந்தது. 2003-இல் மலையேறிகள் கண்ணில் முதல் தடயம் பட்டது. 2024 செப்டம்பரிலும் பனி நான்கு உடல்களைத் திருப்பிக்கொடுத்தது. ஐம்பத்தாறு வருடம் பிந்திய டெலிவரி. 2016 ஜூலை 22 காலை, இதோ இந்தத் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய அன்-32, 29 பேரோடு வங்கக்கடலில் போனது. 2024 ஜனவரியில்தான் கடலுக்கடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தார்கள். 2019 ஜூனில் ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகா போனது 13 பேரோடு மலையில் மோதியது. அந்த நாட்களில் தொலைக்காட்சிக்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். அன்-32 எப்படிப்பட்ட விமானம், பழசா, பாதுகாப்பானதா என்று கேட்டார்கள். எத்தனையோ ஆயிரம் தடவை போய் வந்த விமானம் சார் என்றார் எங்கள் ஆள் ஒருவர். அந்தப் பகுதியை ஒளிபரப்பும்போது வெட்டிவிட்டார்கள். போய் வந்ததில் செய்தி என்ன இருக்கிறது?

விமானத்துக்கு என்னவோ வயதான பிறகு மரியாதை வருகிறது. எங்கள் அன்-32க்குக் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலந்து ஊற்றினார்கள். 2018 டிசம்பரில் பெங்களூரில் பறக்கவிட்டுப் பார்த்து, 2019 குடியரசு தின அணிவகுப்பில் பறக்கவைத்து, 2020 ஜனவரி கடைசியில் லே வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். பத்து சதவீதம் கலப்பு. பெட்ரோலிய உலகத்துக்கே முன்மாதிரி என்று படித்துக்காட்டினேன். என் மனைவி, “நம்ம ஊர்ல வேலிக்கு வெக்கிற செடிதானே? ஆடுகூடத் தின்னாதே” என்றாள். டகோட்டா கதை இன்னும் விசேஷம். சேவையிலிருந்து கழித்துக்கட்டி, பிறகு ஒன்றைத் தேடிப்பிடித்து இங்கிலாந்தில் சீர்படுத்தி, 2018-இல் பரசுராமா என்று பெயர் சூட்டித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வேலை செய்த காலத்தில் அதற்குப் பெயர் இல்லை, எண் மட்டும் இருந்தது.

ஃபிட்டரைச் சீர்படுத்த யாரும் வரவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கவேண்டும். சேவை மையத்தில் ஒரு சின்னக் கண்ணாடியில் விரலை வைக்கச் சொல்வார்கள். இருபது வருடம் ஸ்பேனரும் கெரசினும் தேய்த்த விரல், ரேகை ஓடிவிட்டது. கட்டைவிரல் இல்லை என்கிறது இயந்திரம். ஆள்காட்டி விரல் இல்லை என்கிறது. “அங்கிள், வேற விரல் ட்ரை பண்ணுங்க” என்கிறது அந்தப் பெண். நான் முடுக்கிய திருகாணியை நம்பிப் பல ஜெனரல்கள் இமயமலையைத் தாண்டியிருக்கிறார்கள் என்று சொல்லிப்பார்த்தேன். “ஓகே அங்கிள், சுண்டுவிரல்” என்றாள். சுண்டுவிரலின் புண்ணியத்தில் பென்ஷன் வருகிறது.

2025 ஜூனில் பேரன் கல்லூரி திறக்குமுன் லடாக் பார்க்கவேண்டும் என்றான். என் வாழ்க்கையில் முதல் முறையாகக் காசு கொடுத்து லேக்கு டிக்கெட் வாங்கினேன். விமான நிலையத்து கவுண்டரில் பெட்டியை வைத்ததும் திரையில் சிவப்பு எண். “சார், பதினஞ்சு கிலோதான் அலவ்டு. பதினாறரை இருக்கு.” மனைவி கொடுத்துவிட்ட பருப்புப்பொடியும் மாவடுவும். வேண்டுமானால் பெட்டிக்குள் எடையை முன்னால் தள்ளி வைக்கட்டுமா என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஒன்றரைக் கிலோவுக்குப் பணம் கட்டினேன். டன் கணக்கில் மாவு கொண்டுபோனவன், மாவடுவுக்கு அபராதம் கட்டிய முதல் பயணம்.

உள்ளே ஏறினால் அறிவிப்பு மேல் அறிவிப்பு. லே சென்றதும் ஒரு முழுநாள் ஓய்வெடுக்க வேண்டும், படி ஏறக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நாங்கள் அங்கே இறங்கிய உடனே ஐம்பது கிலோ மூட்டைகளை இறக்கத் தோள்கொடுத்துவிட்டு, ஒரு மக்கில் சாயா குடித்து, அரை மணி நேரத்தில் திரும்பி ஏறியிருக்கிறோம். ஓய்வெடுக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை மருத்துவரிடம் காட்டியிருப்போம்.

மலைகள் தொடங்கியதும் பேரனிடம், “இப்போ பாரு, இந்த முகட்டைத் தாண்டினா வலது பக்கம்…” என்று ஆரம்பித்தேன். பணிப்பெண் வந்து நின்றாள். ராணுவத் தளங்களில் இறங்கும்போதும் ஏறும்போதும் ஜன்னல் திரையை மூடவேண்டும் என்று அதற்கு முந்தின மாதம்தான் உத்தரவு வந்திருந்தது. “சார், ஷேட் க்ளோஸ் பண்ணுங்க. டிஃபென்ஸ் ஏர்ஃபீல்டு. செக்யூரிட்டி.” அந்தத் தளத்தில் எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் வெயில் விழும், எங்கே நின்றால் சாயா கிடைக்கும் என்பது வரைக்கும் அறிந்தவன் நான். மூடினேன். உத்தரவு உத்தரவுதானே. இருட்டில் இறங்கினோம். “தாத்தா, என்னவோ காட்டறேன்னீங்களே?” என்றான் பேரன். சக்கரம் தரையைத் தொட்ட இடத்தை வைத்து, இப்போ வலது பக்கம் நம்ம இடம் போகுது என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். அவனும் திரையைப் பார்த்தான்.

திரும்பி வந்த சில மாதத்தில், வேலூர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில், ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரைப் பந்தியில் சந்தித்தேன். கம்மவான்பேட்டைக்காரர், வீட்டுக்கு வீடு ராணுவத்தார் என்று பெயர் வாங்கிய ஊர். தோய்ஸில் இருந்தேன் என்றார். எந்த வருடம் என்று கேட்டேன். எங்கள் வருடம்தான். “அப்போ எங்க ப்ளேன்லதான் நீங்க வந்திருப்பீங்க!” என்றேன். “ஆமாங்க, ஏதோ ஒரு ப்ளேன். செம சத்தம். ஏறுனதும் தூங்கிட்டேன், எறங்குனதும் எழுப்புனாங்க” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார். வடக்கே ஒரு குளிர்காலம் முழுக்க அவருக்கு மாவும் கடிதமும் கொண்டுபோனவர்கள் நாங்கள். அவருக்கு நினைவிருந்தது தூக்கம். யோசித்துப் பார்த்தால் எங்கள் வேலைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. பயணி தூங்கியிருக்கிறார்.

இந்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரு நினைவு மலர் போடலாம் என்று முடிவானது. ஆளுக்கு ஒரு பக்கம். மறக்க முடியாத அனுபவம் எழுதவேண்டும். மலர் பொறுப்பாளர் என் நண்பர், பழைய ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். கட்டுரைகள் குவிந்தன. எல்லோருடைய இன்ஜினும் நடுவானில் நின்றிருந்தது. எல்லோரும் பனிப்புயலில் மாட்டியிருந்தார்கள். ஒரே ஓடுபாதையில் ஒரே நாளில் நான்கு பேர் தனித்தனியாக விமானத்தைக் காப்பாற்றியிருந்தார்கள். அத்தனையையும் கூட்டிப் பார்த்தால், இந்த ஸ்குவாட்ரன் எப்படி ஒரு மூட்டை மாவையாவது ஒழுங்காகக் கொண்டுசேர்த்தது என்ற சந்தேகம் வரும்.

ஆகையால் நான் வேறு மாதிரி எழுதிக்கொடுத்தேன். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. மூன்றரைக்கு எழுந்தோம், இன்ஜின் கிளம்பியது, ஆட்டா, மண்ணெண்ணெய், தபால் ஏற்றினார்கள், லேயில் இறக்கினார்கள், லீவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்குள் திரும்பினோம், பைலட் எஃப்-700 புத்தகத்தில் கோளாறு எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், நாங்கள் பூரி சாப்பிடப் போனோம். எங்கள் சர்வீஸில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் இருந்தன. அவற்றை யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதினேன்.

நண்பர் ஃபோன் செய்தார். “என்னய்யா இது, கதையே இல்லையே?”

“கதை நடக்காம பாத்துக்கத்தானேய்யா சம்பளம் குடுத்தாங்க” என்றேன்.

“அதெல்லாம் சரி, படிக்கிறவனுக்கு என்ன இருக்கு? அந்த ஆட்டுக் கதையைக் குடேன்.”

மலர் போன வாரம் வந்தது. வழவழப்பான தாள், அட்டையில் சூரிய உதயத்தில் போர் விமானம் ஒன்று. அச்சகத்துப் பையனுக்கு இணையத்தில் கிடைத்த படமாம். உள்ளே பதினேழாம் பக்கத்தில் என் கதை. மூன்று ஆடு பன்னிரண்டு ஆகியிருக்கிறது. ஓர் இன்ஜினும் நின்றிருக்கிறது. பேரன் படித்துவிட்டு, “தாத்தா, நீங்க இவ்வளவு பெரிய ஆளா?” என்று கேட்டான். ஊரில் அம்மா தொடங்கிவைத்த வழக்கத்தை நான் ஏன் கெடுக்கவேண்டும்? ஆமாம் என்றேன்.